காலை 7:30 கூட்டத்தில் வானிலை சொல்வது எப்படி?

கேட்டிருக்கும் தங்கச்சி, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் கடலோரமாக நடக்கும் ஒரு கட்டுமான வேலையில் சேஃப்டி ஆபிசராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆனவர். தினமும் காலை 7:30-க்கு டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம். அதில் ஐந்து நிமிடம் அன்றைய வானிலையைச் சொல்வது அவர் பொறுப்பு. கைப்பேசியில் இருப்பதைப் பார்த்து "இன்று பிற்பகல் இடியுடன் மழை, 33 டிகிரி" என்று வாசிக்கிறார். யாரும் காதில் வாங்குவதில்லை. மழை என்று சொன்ன அன்று வெயில் கொளுத்துகிறது, ஒன்றும் சொல்லாத அன்று கொட்டித் தீர்க்கிறது. எதைப் பார்த்துத் தயார் செய்வது, எப்படிப் பேசுவது, தப்பாகிவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, பினாங்கில் இருபது வருடத்துக்கு மேல் நான் இந்த வேலையைத்தான் செய்தேன். கப்பலுக்குச் சொல்லியிருக்கிறேன், கட்டட வேலைக்குச் சொல்லியிருக்கிறேன், கோயில் தேருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆரம்பத்தில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு தளத்தில் இரவோடு இரவாக ஸ்லாப் ஊற்ற ஏற்பாடு ஆகியிருந்தது. ஆகஸ்டு மாதம். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு நிலவரம் கேட்டார்கள். "நள்ளிரவுக்குப் பிறகு சில இடங்களில் இடியுடன் மழை" என்றேன். சூப்பர்வைசர் தலையாட்டினார், ஊற்றினார்கள். விடிகாலை மூன்றே முக்காலுக்கு மேற்கிலிருந்து காற்றோடு மழை வந்து இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் பால் எல்லாம் கழுவிப்போய், ஸ்லாப் முழுக்க ஜல்லி தெரிந்தது. ஒரு மூலையில் மட்டும் யாரோ அவசரத்தில் போர்த்திய தார்ப்பாய். அதன் கீழே ஆறடிக்கு ஆறடி வழுவழுவென்று நன்றாக இருந்தது. சூப்பர்வைசர் கோபப்படவில்லை. "சில இடத்துலனு சொன்னீங்க அண்ணே, நம்ம இடம்னு சொல்லலையே" என்றார்.

காகிதத்தில் பார்த்தால் என் முன்னறிவிப்பு சரி. ஆனால் அந்த மனிதருக்கு அதனால் ஒரு காசு பிரயோஜனம் இல்லை. "சில இடங்களில்" என்று கேட்கும் ஒவ்வொருவரும் அது வேறு யாருடைய இடமோ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: "எத்தனை மணிக்கு ஊற்றி முடிப்பீர்கள், எவ்வளவு நேரம் மழை படாமல் இருக்க வேண்டும்?" அதைக் கேட்டிருந்தால் என் வாயிலிருந்து வேறு வாக்கியம் வந்திருக்கும்.

அதனால், வானிலைப் பக்கத்தைத் திறக்கும் முன்னால் வேலைப் பட்டியலைத் திறங்கள். முந்தைய நாள் சாயங்காலமே சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வையுங்கள்: நாளைக்கு கிரேன் எத்தனை மணிக்கு என்ன தூக்குகிறது, காங்கிரீட் உண்டா, பள்ளம் தோண்டுகிறார்களா, உயரத்தில் யார் நிற்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று விஷயம் எழுதுங்கள். எந்த வானிலை அதை நிறுத்தும், எந்த அளவில் நிறுத்தும், நிறுத்த எவ்வளவு நேரம் முன்னால் தெரிய வேண்டும். கிரேனுக்கு அது காற்றும் மின்னலும். தூக்கிய பாரத்தை இறக்கி ஒதுங்க ஒரு கால் மணி நேரமாவது வேண்டும். காங்கிரீட்டுக்கு மழை, லாரி பிளாண்டை விட்டுக் கிளம்பிவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது, ஆகவே இரண்டு மூன்று மணி நேரம் முன்பே தெரிய வேண்டும். பள்ளத்துக்கு மழையின் மொத்த அளவும், உங்கள் தளம் கடலோரம் என்பதால் அலையேற்றமும். இந்தத் தாள் கையில் இருந்தால் நீங்கள் தேட வேண்டிய வானிலை பாதியாகக் குறைந்துவிடும். 33 டிகிரியா 32 டிகிரியா என்பதை அன்று யாரும் உங்களிடம் கேட்கப் போவதில்லை.

அடுத்து, எந்தப் பருவத்தில் நிற்கிறோம் என்பது. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி முன்னறிவிப்பு வந்துவிடும். பினாங்குக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பொதுவாக வறட்சியான காலம். வடகிழக்குப் பருவமழை அப்போது தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானு பக்கம் கொட்டும். நடுவில் மலைத்தொடர் இருப்பதால் நமக்கு வெயில். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அந்த வெயில் நன்றாகத் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் காற்று ஒரு திசையில் நிலைக்காது. காலை முழுக்க வெயில், பிற்பகலில் இடி. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. செப்டம்பர், அக்டோபரில் நமக்கு மழை உச்சம்.

தென்மேற்குக் காலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் ஸ்லாப்பைக் கெடுத்தது அதுதான். ராத்திரியில் சுமத்ரா நிலமும் நம் நிலமும் குளிர்ந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் நிலக்காற்று மலாக்கா நீரிணைக்கு வருகிறது. கடல் மட்டும் சூடாகவே இருக்கிறது. இரண்டு காற்றும் நடுக்கடலில் முட்டி மேலே எழும்பி, இடிமேகங்கள் வடக்கு தெற்காக ஒரே வரிசையாகக் கட்டிக்கொள்ளும். தென்மேற்குக் காற்று அந்த வரிசையை அப்படியே நம் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். கடலில் போகிறவர்கள் இதை "சுமத்ரா" என்றே சொல்வார்கள். நள்ளிரவு தாண்டி விடிகாலைக்கும் காலைக்கும் இடையில் வந்து சேரும். முதலில் வருவது மழை அல்ல, காற்று: மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வரை திடீரென்று வீசும். அதன் பின்னால் ஒன்றிரண்டு மணி நேரம் கனமழை. உங்கள் தளத்துக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. பாயான் லெப்பாஸ் தீவின் கிழக்குக் கரை. மேற்கே பாலிக் பூலாவ் பக்கத்து மலைகள் மறைக்கின்றன. கறுத்த மேகம் கண்ணுக்குத் தெரியும்போது அது ஏறக்குறைய உங்கள் தலைமேல் வந்திருக்கும். அந்த மேற்குப் பக்கத்தில் கெர்தாக் சங்குலிலோ பாலிக் பூலாவிலோ தெரிந்தவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு போன் போடுவதை நான் வெட்கமில்லாமல் செய்திருக்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

சரி, காலையில் உட்கார்ந்து என்னென்ன பார்ப்பது? ஆறே கால் மணிக்குத் தொடங்கினால் போதும்.

முதலில் மெட்மலேசியா, அதாவது மலேசிய வானிலை ஆய்வுத் துறை. அவர்களுடைய "மைச்சுவாச்சா" செயலியில் எச்சரிக்கை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் கூட்டத்தில் சொல்ல வேண்டும். அதற்கு எதிராக உங்கள் சொந்த அபிப்பிராயத்தை வைக்காதீர்கள். அது உங்கள் வேலை அல்ல. ஆனால் எச்சரிக்கை என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டு சொல்லுங்கள். இடிமழை எச்சரிக்கை என்பது மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்ற அறிகுறி தெரிந்தால் வருவது. ஆறு மணி நேரத்துக்கு மேல் அது செல்லாது. ராத்திரி வந்த எச்சரிக்கையைக் காலையில் வாசித்துக்கொண்டிருந்தால் நீங்கள் முடிந்துபோன கதையைச் சொல்கிறீர்கள். தொடர்மழை எச்சரிக்கை வேறு. அது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று படி: வஸ்பாடா (கவனம்), புரோக் (மோசம்), பஹாயா (ஆபத்து). நாள் கணக்கில் பெய்யப்போவதைச் சொல்வது அது.

பிறகு அவர்களுடைய அன்றாட முன்னறிவிப்பு. காலை, பிற்பகல், இரவு என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். அதில் "சத்து துவா தெம்பாட்" என்று வந்தால் ஒன்றிரண்டு இடம், "பெபெராப்பா தெம்பாட்" என்றால் சில இடம், "கெபாஞாக்கான் தெம்பாட்" என்றால் பெரும்பாலான இடம். இந்த மூன்றையும் ஒரே "மழை" என்று சொல்லிவிடுவதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. நீங்களும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கைப்பேசியில் இடிமேகப் படம் ஒன்றுதான் தெரியும். பக்கத்தில் இருக்கும் வார்த்தையில்தான் விஷயம். ஒன்றிரண்டு இடம் என்ற நாளில் உங்கள் தளத்தில் மழை விழாமல் போவதுதான் சகஜம். பெரும்பாலான இடம் என்ற நாளில் விழுவதுதான் சகஜம்.

மூன்றாவது, மழை எங்கே பெய்கிறது என்று காட்டும் ரேடார் படம். நிஜமாக நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேர இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். மழையின் முன்விளிம்பு 6:20-க்கு உங்களிடமிருந்து மேற்கே 60 கிலோமீட்டரில் இருந்தது, 6:50-க்கு 45 கிலோமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். அரை மணியில் 15 கிலோமீட்டர், அதாவது மணிக்கு 30. மிச்சம் 45 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். 8:20 என்று கணக்கு சொல்லும். நீங்கள் "எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள்" என்று சொல்லுங்கள். 8:20 என்று சொல்லி எட்டு ஐந்துக்கு வந்துவிட்டால் கிரேன்காரர் மாட்டிக்கொள்வார். இந்தக் கணக்கு சுமத்ரா மாதிரி வரிசையாக வரும் மழைக்கு நன்றாகப் பொருந்தும். பிற்பகலில் மலைப் பக்கம் தனித்தனியாக முளைக்கும் மேகத்துக்குப் பொருந்தாது. அது அரை மணி, ஒரு மணி நேரத்தில் பிறந்து கொட்டி முடிந்துவிடும். எங்கிருந்தோ நகர்ந்து வருவதல்ல, அங்கேயே முளைப்பது. அந்த மாதிரி நாளில் காலை 7:30-க்கு ரேடார் சுத்தமாக இருக்கும். சுத்தமாக இருப்பதைப் பார்த்து "இன்று மழை இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.

செயற்கைக்கோள் படமும் பார்க்கலாம். ஜப்பானின் ஹிமாவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. அதில் ஒரு ஏமாற்று உண்டு. வெள்ளை வெளேரென்று தெரிவதெல்லாம் மழை அல்ல. பெய்து ஓய்ந்த இடிமேகத்தின் உச்சி விசிறி மாதிரி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவி நிற்கும். கீழே ஒரு சொட்டுக்கூட விழாது. ரேடாரோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வானிலையை முன்கூட்டியே கணக்கிடும் கணினி மாதிரிகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஐரோப்பிய மாதிரி உலகத்தை 9 கிலோமீட்டர் கட்டங்களாகவும், அமெரிக்க மாதிரி 13 கிலோமீட்டர் கட்டங்களாகவும் பிரித்துப் பார்க்கிறது. நம் தீவு மொத்தமே ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர். ஐரோப்பிய மாதிரிக்கு அது மூன்று நான்கு கட்டம். 833 மீட்டர் கொடிமலை அந்தக் கட்டத்துக்குள் தட்டையாகிப் போய் ஒரு மேடாகத்தான் தெரியும். அதனால் நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் காற்று எந்தப் பக்கம், காற்றில் ஈரம் கூடுகிறதா குறைகிறதா என்பதற்கு மாதிரியை நம்புங்கள். "பாயான் லெப்பாஸில் 3 மணிக்கு 4.2 மில்லிமீட்டர்" என்று கைப்பேசி காட்டும் துல்லியத்தை நம்பாதீர்கள். அந்தப் புள்ளி இரண்டுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

இன்னொன்று, அந்த வரைபடங்களில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 00 என்றால் நமக்குக் காலை 8, 12 என்றால் இரவு 8. எட்டு மணி நேரத்தைக் கூட்ட மறந்து பிற்பகல் மழையைக் காலை மழை என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடலோரத் தளம் என்பதால் அலையேற்ற அட்டவணையையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒன்றிரண்டு நாளில் கடல் ஏற்றம் பெரியதாக இருக்கும். இதற்கு உங்கள் வீட்டு நாள்காட்டியே போதும். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் வாய்க்கால் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் திரும்பி வரும். சுங்கை பினாங்கு பக்கமும் ஜாலான் பி. ரம்லி பக்கமும் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் பள்ளத்திலும் அதேதான் நடக்கும். ஆற்று மட்டம் தெரிய வேண்டுமானால் நீர்ப்பாசன வடிகால் துறையின் வெள்ளத் தகவல் பக்கத்தில் அந்த நேரத்து அளவைப் போடுகிறார்கள்.

இப்போது பேசுவது.

பேசும்போது வானிலையிலிருந்து தொடங்காதீர்கள்; வேலையிலிருந்து தொடங்குங்கள். இதோ, ஒரு அக்டோபர் நாளுக்கு இப்படிச் சொல்லலாம்: "காலை 11 வரை கிரேன் வேலைக்குத் தடை இல்லை. 2 மணியிலிருந்து 5 மணிக்குள் நம் தளத்து மேலேயே இடிமழை வர பத்தில் ஆறு வாய்ப்பு. காங்கிரீட்டை 12-க்குள் முடிக்கப் பாருங்கள், இல்லையென்றால் நாளைக் காலைக்கு வையுங்கள். பள்ளத்து பம்பை ஒரு மணிக்குள் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரு மணிக்கு ரேடார் பார்த்துவிட்டு மறுபடி சொல்கிறேன்." அரை நிமிடம்கூட ஆகாது. காற்றழுத்தம், ஈரப்பதம், மேகத்தின் பெயர் எதுவும் இதில் இல்லை. யாராவது ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள்; கேட்காதவரிடம் சொல்லி அந்த அரை நிமிடத்தைக் கெடுக்க வேண்டாம். மிச்ச நேரத்தை அவர்கள் கேள்விக்கு விடுங்கள்.

கூட்டத்தில் வங்காளதேசத்துக்காரர், இந்தோனேசியர், நேப்பாளத்தவர் என்று எல்லோரும் நிற்பார்கள். அவர்களுக்குப் பொதுவானது தள மலாய்தான். கடைசியில் மேற்கே கையைக் காட்டி, "பெத்தாங் ஆடா ஹுஜான், ஆடா கிலாட். டெங்ஙார் ஹோன், துருன் தெருஸ்" என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லுங்கள். பிற்பகலில் மழை, மின்னல் உண்டு, ஹோன் சத்தம் கேட்டால் உடனே இறங்கு என்ற அந்த ஒரு வரிதான் உயரத்தில் நிற்கிறவனுக்கு வேண்டும். கையைக் காட்டுவதும் முக்கியம். "தென்மேற்குக் காற்று" என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. தென்மேற்கை நோக்கிப் போகும் காற்று என்று புரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர். கை காட்டினால் அந்தக் குழப்பமே வராது.

"பத்தில் ஆறு" என்று ஏன் சொல்லச் சொல்கிறேன் என்றால், "மழை வரலாம்", "வாய்ப்பு உண்டு" என்ற பேச்சை ஒவ்வொருவரும் தன் வசதிக்கு எடுத்துக்கொள்வார்கள். ஊற்ற நினைப்பவருக்கு அது "வராது" என்று கேட்கும். லீவு வேண்டுபவருக்கு "வரும்" என்று கேட்கும். பத்தில் ஆறு என்றால், இதே மாதிரி பத்து நாள் அமைந்தால் ஆறு நாள் நம் தளத்தில் மழை விழும், நான்கு நாள் விழாது. அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பது ஒவ்வொரு வேலைக்கும் மாறும், அதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமை. தார்ப்பாய் கட்டி ஆள் நிறுத்த 500 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், மழை வந்து கெட்டால் 5,000 வெள்ளி நட்டம் என்று வையுங்கள். அப்போது பத்தில் ஒன்றுக்கு மேல் போனாலே தார்ப்பாய் கட்டுவதுதான் லாபம். வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பதை ஒத்திப்போட வேண்டுமானால் பத்தில் ஆறு, ஏழு வரை காத்திருக்கலாம். கெட்டாலும் மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஆள் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த வெள்ளிக் கணக்கே கிடையாது.

மின்னலை அப்படித்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னறிவிப்பை நம்பி இருக்காதீர்கள், தளத்திலேயே ஒரு விதி வையுங்கள். மின்னல் வெட்டியதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது: ஹோன் அடித்து எல்லோரையும் இறக்குங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஏற்ற வேண்டும். இருபதாவது நிமிடத்தில் வெயில் வந்துவிடும், சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டுவார். முப்பது என்றால் முப்பதுதான்.

காற்றுக்கு வரும்போது அலகைப் பாருங்கள். கிரேன் கையேட்டில் வரம்பை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்கள், கைப்பேசி மணிக்குக் கிலோமீட்டரில் சொல்லும், விமான நிலைய அறிக்கை "நாட்" (knot) என்ற அலகில் சொல்லும். விநாடிக்கு 10 மீட்டர் என்பது மணிக்கு 36 கிலோமீட்டர், ஏறக்குறைய 19 நாட். ஒரு சின்ன அட்டவணையாக எழுதி கிரேன் கேபினில் ஒட்டிவிடுங்கள். இன்னொன்று, விமான நிலையக் காற்று தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்த சில நிமிடச் சராசரி. உங்கள் கிரேனின் கை அதைவிட எவ்வளவோ மேலே இருக்கிறது, அங்கே காற்று கூடுதல். பாரத்தைச் சுழற்றுவது சராசரிக் காற்றும் அல்ல, சில விநாடி வந்து போகும் வீச்சு. கிரேன் மேலேயே இருக்கும் காற்றுமானி சொல்வதுதான் முடிவு என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் ஆப்பரேட்டர் தைரியமாக நிறுத்துவார்.

மழை அளவை மில்லிமீட்டரில் சொன்னால் யாருக்கும் ஏறாது. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கர் பள்ளத்தில் இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர். உங்கள் பம்ப் மணிக்கு எத்தனை லிட்டர் இறைக்கும் என்று பம்ப்காரருக்குத் தெரியும். மிச்சக் கணக்கை அவரே போட்டுக்கொள்வார்.

அளவு பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2017 நவம்பர் 4, 5. பினாங்கில் இருந்தவர்கள் யாரும் அந்த ராத்திரியை மறக்க மாட்டார்கள். ஒரே இரவில் கொட்டிய மழையும் காற்றும் தீவையும் எதிர்க்கரையில் இருக்கும் செபெராங் பிறையையும் மூழ்கடித்தன, மரங்கள் வேரோடு சாய்ந்தன, ராணுவத்தைக் கூப்பிட வேண்டி வந்தது, ஏழு பேர் இறந்துபோனார்கள். வடகிழக்குப் பருவம் கிழக்குக் கரைக்காரர்கள் பிரச்சினை என்று நாங்கள் எல்லோரும் பேசிப் பழகியிருந்தோம். அதற்குப் பிறகு நான் ஒருபோதும் வெறுமனே "கனமழை" என்று சொன்னதில்லை. வழக்கமான பிற்பகல் மழையும் அப்படிப்பட்ட மழையும் ஒரே சொல்லில் அடங்காது. அசாதாரணமான நாள் என்று தெரிந்தால் வழக்கமான பாணியில் பேசாதீர்கள். உட்கார வையுங்கள், "இது நாம் தினமும் பார்க்கும் மழை அல்ல" என்று முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள், அந்த ஒரு விஷயத்தைத் தவிர வேறெதுவும் சொல்லாதீர்கள். வருடத்தில் ஒன்றிரண்டு நாள்தான் அப்படிப் பேச வேண்டி வரும். மற்ற நாட்களில் குரலை உயர்த்தாமல் இருந்தால்தான் அன்றைக்கு அது எடுபடும்.

வெயிலும் புகைமூட்டமும் மழை அளவுக்குச் சிக்கலானவை அல்ல. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரிக்கு மேல் போனால் மெட்மலேசியா முதல் நிலை வெப்ப எச்சரிக்கை தருகிறது, 37-க்கு மேல் மூன்று நாள் என்றால் இரண்டாம் நிலை. காற்றுத் தூய்மைக் குறியீடு 100 தாண்டினால் உடலுக்குக் கெடுதல். இரண்டும் தெளிவான எண்கள். அவை வந்த அன்று தண்ணீர் இடைவேளையும் முகக்கவசமும் எத்தனை மணிக்கு என்று அறிவித்தால் போதும்.

இனி உங்களை உறுத்தும் அந்த மூன்றாவது கேள்வி.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தினமும் ஒரு வரி: தேதி, என்ன சொன்னேன், பத்தில் எத்தனை என்றேன், என்ன நடந்தது. மழை விழுந்தால் எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, "பத்தில் ஆறு" என்று சொன்ன நாட்களை மட்டும் எண்ணுங்கள். இருபது நாள் அப்படிச் சொல்லியிருந்து பன்னிரண்டு நாள் மழை விழுந்திருந்தால் நீங்கள் சரியாகச் சொல்கிறீர்கள். பதினெட்டு நாள் விழுந்திருந்தால் பயந்து குறைத்துச் சொல்கிறீர்கள். ஐந்து நாள்தான் என்றால் கூட்டிச் சொல்கிறீர்கள். மழை வராத ஒரு நாளை வைத்து உங்களை யாரும் எடைபோட முடியாது, நீங்களும் போடக்கூடாது. பத்தில் ஆறு என்றதும் வராமல் போன நான்கு நாளும் நீங்கள் சொன்னதற்குள் அடங்கியவைதான். என் முதல் நோட்டில் மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, காலை மழையை நான் தொடர்ந்து குறைத்தே சொல்லியிருக்கிறேன் என்பது. பிற்பகலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அதை எனக்கு வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் கூட்டத்தில் அதை நீங்களே முதலில் எடுத்துவிடுங்கள். "நேற்று 2 மணிக்கு இடிமழை என்றேன், நமக்கு வரவில்லை. பாலிக் பூலாவ் பக்கமே பெய்து முடிந்துவிட்டது. காங்கிரீட்டை ஒத்திவைத்ததில் அரை நாள் போயிற்று." அவ்வளவுதான், ஒரே மூச்சில். நியாயப்படுத்த வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், அடுத்து இன்றைய நிலவரத்துக்குப் போய்விடுங்கள். நேற்று தப்பினதால் இன்று "எதற்கும் இருக்கட்டும்" என்று மழையைக் கூட்டிச் சொல்லத் தோன்றும், அல்லது கேலிக்குப் பயந்து குறைக்கத் தோன்றும். இரண்டையும் நான் செய்திருக்கிறேன், இரண்டிலும் அடுத்த நாள் அடி வாங்கியது தளம்தான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கூட்டம் காலை 7:30-க்கு, ஆனால் இரவு ஷிப்ட்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் கிளம்பும் முன் அந்த சூப்பர்வைசரோடு இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, ராத்திரி இரண்டு மணியிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை யார் ரேடாரைப் பார்ப்பது என்று ஆளின் பெயரோடு பலகையில் எழுதிவிட்டு, தார்ப்பாய் எங்கே மடித்து வைத்திருக்கிறது என்று அவரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.